விழுபவருக்குத் தெரியக் கூடாது

இன்ஸ்பெக்டர் அன்பரசி அவர்களுக்கு,

உங்கள் காவல் நிலையத்து மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. அரசுக் கட்டடத்தில் இவ்வளவு சத்தமில்லாமல் சுற்றும் விசிறியை நான் பார்த்ததே இல்லை. யாரோ ஒருவர் நாலு கடை ஏறி இறங்கி, போட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துப் பாராட்டுங்கள். ஒழுங்காகப் பொருள் வாங்குகிறவர்களை இந்த நாட்டில் யாரும் பாராட்டுவதில்லை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு நீங்கள் சிரித்தீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தலைமைக் காவலர் நல்ல மனிதர்தான், ஆனால் நான் வாய் திறப்பதற்குள் பாதிப் பக்கம் எழுதிவிட்டார். முப்பத்தோரு வருடம் ஊருக்கெல்லாம் கோப்பு எழுதியவன் நான். என்னைப் பற்றிய கோப்பையாவது நான் எழுதக் கூடாதா?

பெயர் ரவிச்சந்திரன். வயது அறுபத்தொன்று. செங்கல்பட்டில், ஏரிக்குப் போகும் வழியில் சொந்த வீடு. மனைவி ரோகிணி பள்ளி ஆசிரியை. அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் அலுவலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

நான் வேலை பார்த்தது ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் ஒரு பிரிவில். துப்பாக்கி, பீரங்கி என்று நினைத்துவிடாதீர்கள். என் மேசைக்கு வந்ததெல்லாம் டார்ச் விளக்கு, மழைக்கோட்டு, தண்ணீர்க் குடுவை. ஒரு டார்ச் விளக்கை வாங்கி முடிக்க எங்களுக்கு ஏழு வருடம் ஆனது. விளக்கு வந்து சேர்ந்தபோது அதற்குப் பொருந்தும் பேட்டரி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அந்த விளக்கைக் கேட்டு எழுதிய மேஜர் ஓய்வுபெற்று, கண்ணில் புரை வந்து, வெளிச்சமே வேண்டாம் என்கிற நிலைமைக்கு வந்திருந்தார்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். லைஃப் ஜாக்கெட் கோப்புக்குச் சிரிக்க முடியவில்லை.

கடலோர ரோந்துப் படகில் இருந்த ஜெயக்குமார் என்கிற பையன் எழுதியிருந்தான். "ஐயா, எங்களுக்குக் கொடுத்திருக்கும் லைஃப் ஜாக்கெட் எங்களுக்கு முன்னால் முழுகுகிறது." அவ்வளவுதான் கடிதம். புதிய ஜாக்கெட் வாங்க நாற்பத்தோரு கையெழுத்து வேண்டும். நான் பதினான்காவது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சந்தேகம், ஒரு விளக்கம், 'மீண்டும் சமர்ப்பிக்கவும்'. நான் மட்டும் ஒருநாளும் ஆறப்போட்டதில்லை. என் மேசைக்கு வந்த அன்றைக்கே குறையைக் கண்டுபிடித்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். பதினோரு வருடம் அந்தக் கோப்பு சுற்றியது. நான்காவது வருடமே ஜெயக்குமார் கடலில் போய்விட்டான். அன்று நான் சாப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, மேடம். இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியில் அந்த ஜாக்கெட்டுக்குச் சோதனை வைத்தார்கள். எங்கே தெரியுமா? அதிகாரிகள் மன்றத்து நீச்சல் குளத்தில். இடுப்பளவு தண்ணீர். குழுவினர் நாற்காலி போட்டு, முந்திரி பக்கோடா சாப்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குதிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுக் குதித்தார். மிதந்தார். மிதக்காமல் என்ன செய்வார், கால் தரையில் ஊன்றியிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஒரு நாள் அதிகாரம் கிடைத்தால் இந்த முறையை அடியோடு மாற்றுவேன் என்று.

கிடைத்தது. ஓய்வுபெற்ற மறு வருடம், விரைவுக் கொள்முதலுக்கென்று சிறுசேரியில் ஒரு சிறிய பிரிவைத் திறந்தார்கள். ஏழாவது மாடி. சுற்றிலும் மென்பொருள் கம்பெனிகள். கழுத்தில் அட்டை தொங்க, பிள்ளைகள் ஷட்டில் பஸ்ஸுக்கு ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். நான் ஆலோசகர். நாற்பத்தோரு கையெழுத்தை ஒரே கையெழுத்தாகக் குறைத்தேன். பதினோரு வருடத்தைப் பதினோரு வாரமாகக் குறைத்தேன். இது வீண் பெருமை இல்லை. டெல்லியிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சோதனைக்கு ஒன்பது நிபந்தனைகள் எழுதினேன். முதல் எட்டு எல்லோரும் எழுதக்கூடியவை. ஒன்பதாவது என் சொந்தச் சரக்கு. "கடலில் விழுபவருக்குத் தான் விழப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது." இனி மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிற கதை நடக்காது. உண்மையான கடல், உண்மையான மனிதர், உண்மையான விபத்து. ஒன்றாவது நடந்து, ஜாக்கெட் வேலை செய்தால்தான் ராணுவம் வாங்கும். இதைப் படித்த ஒரு பெரிய அதிகாரி, "இத்தனை வருடம் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?" என்று கேட்டார். எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

ஜாக்கெட்டைச் செய்தவர் பிரவின்குமார். ஈரோட்டுக்காரர், இருபத்தொன்பது வயது, எங்களுக்குக் கீழ் மாடியில் ஆறு பேரோடு ஒரு கம்பெனி நடத்துகிறார். கல்யாணம் தள்ளிப்போகிறதென்று அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி, செவ்வாய்க்கிழமைகளில் திருவிடந்தைக் கோயிலுக்கு மாலையோடு போய்விட்டுத்தான் அலுவலகம் வருவார். கெட்டிக்காரர். அவருடைய ஜாக்கெட் சட்டை போல் மெல்லியது. தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும், விழுந்த இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக உடனே அனுப்பும். நாற்பத்தைந்து நிமிடம் மிதக்க வைக்கும் என்று உத்தரவாதம். அதற்கு மேல் மெல்லக் காற்று இறங்கும். மெல்லியதாக வேண்டுமென்றால் அதற்கு அதுதான் விலை. மீட்புப் படகு இருபது நிமிடத்தில் போய்விடும், ஆகவே அது போதும்.

செய்தி எங்கே வரும் என்பதைச் சொல்ல வேண்டும். என் திரைக்கு மட்டும் வரும், விழுந்த இடத்தை வேறு யாரும் பார்க்க முடியாது. நான் ஒப்புதல் தந்தால் மீட்புப் படகுக்குப் போகும். பொய்ச் செய்திக்கெல்லாம் படகை அனுப்ப முடியாதல்லவா? மிச்சம் வைத்த அந்த ஒரு கையெழுத்து இதுதான். இந்தப் படியையும் எடுத்துவிடலாம் என்று பிரவின்குமார் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். பரிசீலனையில் வைத்திருக்கிறேன்.

நாற்பது ஜாக்கெட்டுகளைச் சதுரங்கப்பட்டினத்து மீனவர்களுக்குக் கொடுத்தோம். கோட்டைச் சுவர் நிழலில் மேசை போட்டு நானே என் கையால் கொடுத்தேன். யார் யாருக்கு எது என்று பெயர் எழுத வேண்டாம், எண் போதும் என்று சொல்லிவிட்டேன். பெயர் எழுதினால் பாரபட்சம் வந்துவிடும்.

"இன்னா சார், ஆம்பளைக்குப் போயி ஜாக்கெட்டு குடுக்குறீங்க?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நீ போட்டுக்கடா மச்சான், அப்பிடியே ஒரு பொடவையும் வாங்கித் தரச் சொல்றேன்" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது.

பத்து வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஒருவரும் விழவில்லை. ஒருவர் கூட. எவ்வளவு ஜாக்கிரதையான ஜனங்கள் பாருங்கள். அதே சமயம் நாற்பது ஜாக்கெட்டிலும் உள்ள சூட்டுமானியில் உடல் சூடு பதிவாகிக்கொண்டே இருந்தது, இருபத்துநாலு மணி நேரமும். குளிக்கும்போது கூடக் கழற்ற மாட்டார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன்.

ஒருவர் அதை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் நாய்க்குட்டி அதில் சுருண்டிருந்தது. கரையில் ஒருவர் தன் டிபன் டப்பாவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டியிருந்தார். "கடலுக்குப் போயி தொறந்தாலும் நாஸ்தா சுடச்சுட கீது சார். ரொம்ப நல்ல சாமான்" என்றார். ராணுவம் அதற்காக வாங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பயனாளரின் கருத்து என்று குறித்துக்கொண்டேன்.

நாற்பதில் முப்பத்தொன்பது இப்படி. பதினேழாம் எண் மட்டும் ஒரு மனிதர் உடம்பில் இருந்தது. அவர் பெயர் திருவேங்கடம்.

ஐம்பது வயது இருக்கும். போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது, கை காதுக்கு மேல் போகாது. அதனால் கூட்டத்தோடு தூரக் கடலுக்குப் போகாமல், மற்றப் படகுகள் திரும்பிய பிறகு தனியாக நண்டு வலை விடப் போவார். ஏன் நீங்கள் மட்டும் ஜாக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேர்த்து ஊத்துது சார், எனக்கு மட்டும் ஆசையா? எங்க வூட்டுக்காரி உட மாட்டேங்குது. இத மாட்டிக்கினு போனாத்தான் சோறுன்னுது."

வீட்டுக்காரி எல்லம்மாள் பக்கத்தில்தான் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "சார், இவுரு வுழுந்தா உங்களுக்கு உடனே தெரியும்ல?"

"முதலில் எனக்குத்தான் தெரியும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பதினோராவது வாரம் தொடங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு விபத்து நடக்காவிட்டால் சோதனை ரத்து. கோப்பு பழைய முறைக்குப் போய்விடும். மறுபடி நாற்பத்தோரு கையெழுத்து, நீச்சல் குளம், முந்திரி பக்கோடா. மறுபடி ஏதோ ஒரு ரோந்துப் படகிலிருந்து ஒரு ஜெயக்குமார் கடிதம் எழுதுவான். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், மேடம்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் முறைப்படிதான் யோசித்தேன். ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். தனியாக இருக்க வேண்டும். நீந்திக் கரை சேர்ந்துவிடக் கூடாது, சேர்ந்துவிட்டால் அது நீச்சலுக்கான சோதனை ஆகிவிடும். எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்தவர் ஒரே ஒருவர். எங்கள் துறையில் தகுதியானவர் ஒருவர்தான் என்றால் அதற்கான காரணத்தை எழுதிவிட்டு மேலே போகலாம். எழுதினேன்.

திருவேங்கடம் வலை இழுக்கும்போது படகின் ஓரத்தில் உள்ள ஒரு கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு இடது கையால் இழுப்பார். கம்பியை மூன்று போல்ட் பிடித்திருந்தது. திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், நான் ஸ்பேனரோடு போய் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். மூன்றாவதைப் பாதி. துருப்பிடித்திருந்தது, விரல் கன்றிவிட்டது. யாரோ மட்டமான போல்ட் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

நிமிர்ந்தால் எல்லம்மாள் நிற்கிறார். கையில் ஒரு செம்பு.

"ஐயய்ய, நீங்க எதுக்கு சார் இதெல்லாம்? எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருந்தேன், அந்தக் கம்பி ஆடுது, பாருன்னு. இந்த மனுசன் காதுலயே வாங்கல. நீங்க வந்து முடுக்குறீங்க."

அவரைத் திருத்தாமல் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பதாம் நிபந்தனை விழுபவருக்குத்தான், குடும்பத்தாருக்கும் பொருந்துமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. செம்பில் மோர். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. அந்த வெயிலுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. நன்றாக இருக்கிறதென்று சொல்லிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் செவ்வாய். காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு என் திரை ஒலித்தது. விழுந்து முப்பத்தெட்டே நொடியில் செய்தி. ஜாக்கெட் ஊதிக்கொண்டது, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கிறது, கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர், எல்லாம் வரி வரியாக வந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். கண் கலங்கிவிட்டது. ஜெயக்குமாரை நினைத்துக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து செய்தியை முழுதாகப் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கில்லை. கீழே இரண்டு பொத்தான், 'ஒப்புதல்', 'திருப்பி அனுப்புக'. மேலே பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிவது வேறு, காகிதத்தில் இருப்பது வேறு. பூர்த்தியாகாத காகிதத்தில் முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறை கூட நான் ஒப்புதல் தந்ததில்லை. 'பெயர் சேர்த்து மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிப் பிரவின்குமாருக்குத் திருப்பினேன். அவர் திருவிடந்தையில் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார், போன் வண்டியில். பத்து பன்னிரண்டுக்குத்தான் பார்த்தார். பார்த்தவுடன் கூப்பிட்டார்.

"சார், ஆள் தண்ணில இருக்காரு சார்! அப்ரூவ் பண்ணுங்க!"

"பெயர் இல்லையே, பிரவின்."

"பேர் எதுக்கு சார்? மனுஷன்னு போட்டா போதாதா?"

இளைஞர்கள் இப்படித்தான். பதறிக்கொண்டே பெயரை விசாரித்து நிரப்பி அனுப்பினார். மறுபடி முழுதாகப் படித்தேன். விழுந்த இடம் சதுரங்கப்பட்டினத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் காட்டியது. எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்று குறிப்பிடவில்லை. பத்து இருபதுக்கு இரண்டாம் முறை திருப்பினேன்.

"எடத்தையாவது சொல்லுங்க சார், நான் கரையில இருக்கிறவங்களுக்குச் சொல்லிடறேன்" என்றார். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நிலுவையில் இருக்கும் விவரத்தைப் போனில் சொல்வது முறையல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் எப்படியோ ஊருக்குத் தகவல் சொல்ல, ஏழெட்டுப் படகுகள் தேடக் கிளம்பியிருக்கின்றன. இடம் தெரியாததால் எல்லாம் வடக்கே போயின. காற்று தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது.

பத்து முப்பத்துநாலுக்கு ஜாக்கெட்டில் காற்று இறங்கியது. ஐம்பத்திரண்டு நிமிடம். உத்தரவாதத்துக்கு மேல் ஏழு நிமிடம் கூடுதல். நல்ல சரக்கு என்று அப்போதே எழுதி வைத்தேன்.

திருத்திய செய்தி வந்து, படித்து, பத்து ஐம்பத்தொன்றுக்கு ஒப்புதல் தந்தேன். மீட்புப் படகு பதினேழே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. இருபதுக்கும் குறைவு. திருவேங்கடத்தைக் கொண்டுவந்தார்கள். ஜாக்கெட்டின் பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டபடி இருந்தன, கழுத்துவரை.

போல்ட் கழற்றியதை நான் மறைத்தேன் என்று தலைமைக் காவலர் எழுதியிருக்கிறார். இது வருத்தமாக இருக்கிறது. கோப்பின் அறுபத்துமூன்றாம் பக்கத்தில் 'சோதனையின் பொருட்டு இரண்டு போல்ட்டுகள் கீழே கையொப்பமிட்டவரால் அகற்றப்பட்டன' என்று தேதி, நேரத்தோடு எழுதியிருக்கிறேன். ஒளிவுமறைவு இல்லாமல் செய்ய வேண்டும் என்பதும் என் சீர்திருத்தங்களில் ஒன்று. அதைப் படித்துத்தானே பிரவின்குமார் உங்களிடம் ஓடி வந்தார்? அவருடைய ஜாக்கெட் தேறிவிட்டது என்று நான் சொன்னபோது அவர் என் சட்டையைப் பிடித்தார். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஆக, கம்பியைத் தளர்த்தியது நான். திருவேங்கடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அவர் விழ வேண்டும் என்று விரும்பியது நான். சாக வேண்டும் என்று விரும்பவில்லை. செத்தது தாமதத்தால். தாமதம் எவ்வளவு பொல்லாதது என்று என் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறேன், யார் கேட்டார்கள்? என் மேசையில் அந்தக் காகிதம் ஒருமுறை கூட எட்டு நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. வந்த வேகத்தில் திருப்பியிருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

இன்று காலை என்னை இங்கே அழைத்து வந்தபோது எல்லம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து மெதுவாகக் கேட்டார்.

"மொதல்ல உங்களுக்குத்தான் தெரியும்னீங்களே சார். தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏனோ அந்த மோர் ஞாபகம் வந்தது, குடிக்க ஏதாவது கேட்டேன். உங்கள் காவலர்தான் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. என் ஒப்புதல் படியை நீக்கக் கோரும் பிரவின்குமாரின் கடிதம் நிலுவையில் இருக்கிறது என்று சொன்னேனல்லவா, எதையும் பாக்கி வைத்துவிட்டுப் போகக் கூடாதென்று இங்கே உட்கார்ந்தபடியே அதை எடுத்துப் பரிசீலித்தேன். நிராகரிக்கிறேன். காரணம் எளிது. அந்த ஒரு கையெழுத்தும் இல்லாமல் போனால், நாளைக்கு ஓர் உயிர் போகும்போது யாரைப் போய்க் கேட்பது?